மான் தடத்தில் கமரா

ஸ்காபரோவில் றூஜ் தேசிய நகரப் பூங்காவை அண்டிக் குடியிருக்கும் எங்கள் ஆட்களுக்கு வெண்வால் மான் புதினமில்லை. விடியற்புறம் வேலைக்குக் காரை எடுக்கும்போது வீதிக்கரையில் நின்று பார்க்கும். ஆனால் அந்தப் பூங்காவில் வேட்டைக்கு இடமில்லை. ரொறன்ரோ எல்லைக்குள் துவக்கு வெடிக்கவும் முடியாது. வேட்டைக்குப் போகிறவர் 401இல் கிழக்கே ஓடி, 115இல் ஏறி, பீற்றர்பரோவையும் தாண்டிக் கவார்த்தா ஏரிகள் பக்கம் போகவேண்டும். கிழமைநாள் முழுக்க வேலைத்தலத்தில் நிற்பவருக்குக் காடு சனி ஞாயிறில்தான் வாய்க்கிறது. ஊரில் காட்டுக்குள்ளேயே வாழ்ந்த வன்னி வேட்டைக்காரருக்கு மரையும் பன்றியும் எந்த நேரம் எந்தக் குளத்துக்கு இறங்கும் என்று யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. எங்களுக்கும் காட்டுக்கும் நடுவே கிடக்கும் தூரம்தான் மரத்தில் கமரா கட்டும் பழக்கத்தை எங்களிடம் கொண்டுவந்தது.

வேட்டைக்கான அவுட்டோர்ஸ் கார்ட் புதிதாக எடுத்த இளையவர்கள் இது சரியா என்று என்னைக் கேட்கிறார்கள். பருவம் தொடங்குமுன் காட்டைப் படிக்க கமரா நல்ல துணை. பருவம் தொடங்கிய பின், மான் நிற்கும் இடத்தை அந்த நிமிடமே போனுக்கு அனுப்பும் கமராவை வைத்துச் சுடுவதை நான் வேட்டையென்று ஏற்பதில்லை. ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் கருவியைப் பற்றி. உள்ளங்கையை விடச் சற்றே பெரிய பெட்டி. அதன் முன்புறத்திலுள்ள உணரி, சுற்றுப்புற வெப்பத்திலிருந்து வேறுபட்ட வெப்பமுள்ள ஏதாவது அசைந்தால் அறிந்து படமெடுக்கும். ஓகஸ்ட் வெயிலில் சூடேறிய புல் காற்றில் ஆடினாலும் அது ஏமாறும். வீட்டுக்கு வந்து கமராவின் மெமரி கார்டைப் போட்டால் நூற்றுக்கணக்கில் புல்லின் படங்கள் மட்டும் இருக்கும். அதனால் கட்டுவதற்கு முன் கமராவுக்கு எதிரேயுள்ள செடிகொடிகளை முறித்துவிட வேண்டும். இடுப்பு உயரத்தில், வடக்கு நோக்கிக் கட்டவேண்டும்; கிழக்கோ மேற்கோ பார்த்தால் சூரியன் படத்தை வெளிறச் செய்துவிடும். தடத்துக்குக் குறுக்கே பார்த்துக் கட்டினால் வாலும் பின்னங்காலும்தான் கிடைக்கும். தடத்தின் நீளவாக்கில் சரிவாகப் பார்க்க வைத்தால், வரும் மான் முழுதாகப் படத்துக்குள் நடந்து வரும். குளிரில் சாதாரண அல்கலைன் பற்றரி சோர்ந்துபோகும். லிதியம் பற்றரி தாங்கும். இரவு வெளிச்சத்தில் இரண்டு வகை உண்டு. 850 நனோமீற்றர் அகச்சிவப்பு ஒளி தூரம் போகும், ஆனால் விளக்குகள் மங்கிய சிவப்பாகத் தெரியும். 940 நனோமீற்றர் ஒளி மனிதக் கண்ணுக்குத் தெரியாது, படம் கொஞ்சம் மங்கலாக வரும். நான் இரண்டாவதையே கட்டுகிறேன்.

இவ்வளவும் செய்த பிறகு கிடைப்பது என்ன? நான் கமரா கட்டுவது ஒரு விவசாயியின் காணியில், அவருடைய அனுமதியோடு. சோளவயல் முடிந்து மேப்பிள் காடு தொடங்கும் மூலையில் தேவதாரு ஒன்று நிற்கிறது. அதன் தாழ்ந்த கிளைக்குக் கீழே கொம்பன் மான் காலால் மண்ணைச் சுரண்டி, கிளையை நக்கி, தன் மணத்தை விட்டுப் போகும். அந்த இடத்துக் கார்டில் ஒரு பெரிய கொம்பன் திரும்பத் திரும்ப வந்திருந்தான். எல்லாப் படத்திலும் நள்ளிரவு தாண்டிய நேரம். ஒன்ராறியோவில் சூரியன் உதிப்பதற்கு அரைமணி முன்னிருந்து மறைந்து அரைமணி வரைதான் வேட்டையாடலாம். அந்தக் கொம்பனை அங்கே காத்திருந்து எடுக்கவே முடியாது என்பதைத்தான் கார்ட் எனக்குச் சொன்னது. அவன் பகலில் எங்கே படுக்கிறான், எந்தக் காற்றில் எந்தப் பக்கத்தால் எழுந்து வருகிறான் என்பதை நடந்துதான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. மரப்பட்டையில் கொம்பு உரசிய அடையாளம், சேற்றில் பதிந்த குளம்பு, இன்னும் ஈரம் காயாத புழுக்கை: இவற்றைப் படிக்கத் தெரியாதவருக்குக் கமரா தரும் படம் வெறும் படம்.

இன்னொன்று, கார்டை எடுக்கப் போகும் ஒவ்வொரு தடவையும் எங்கள் மணத்தைக் காட்டில் விட்டு வருகிறோம். ஆவலில் ஒவ்வொரு சனிக்கிழமையும் போய்ப் பார்ப்பவர், ஒக்ரோபருக்குள் அந்த மூலையை மான் கைவிட வைத்துவிடுவார். மழைக்கு முன், நடுப்பகலில், ரப்பர்ச் சப்பாத்தோடு போய்விட்டு உடனே திரும்புவது நல்லது.

போனுக்குப் படம் அனுப்பும் கமரா இந்தச் சிரமத்தைத் தீர்க்கிறது என்பார்கள். உண்மைதான். காட்டுக்குப் போகாமலே படம் வருகிறது, மான் கலைவதில்லை. நடக்க முடியாத முதியவருக்கும் நோயாளிக்கும் அது காட்டோடு மிஞ்சியிருக்கும் ஒரே தொடர்பாகக்கூட இருக்கலாம். நான் ஸ்காபரோவில் இருக்க, மான் பீற்றர்பரோவுக்கு அப்பால் நிற்க, அந்தப் படத்தால் மானுக்கு ஒரு தீங்குமில்லை. ஆனால் பருவத்தில் அதே காட்டோரக் குடிலில் தேநீரோடு இருப்பவரை நினைத்துப் பாருங்கள். போன் ஒலிக்கிறது; எந்த மரத்தடியில் எந்தக் கொம்பன் இப்போது நிற்கிறான் என்று காட்டுகிறது; அவர் காற்றுப் பார்த்து எழுந்து நடக்கிறார். மானுக்குக் காதும் மூக்கும் கண்ணும் கொடுத்த பாதுகாப்பெல்லாம் அங்கே வீணாகிறது, ஏனென்றால் அதைக் கண்டவர் அதன் அருகில் இல்லவே இல்லை. வேட்டையில் நான் மதிப்பது காத்திருக்கும் மணிநேரங்களை. அந்த நேரம் முழுக்க மானுக்கும் வாய்ப்பிருக்கிறது, எனக்கும் இருக்கிறது. அதை இயந்திரத்திடம் கொடுத்தால் மிஞ்சுவது சுடுவது மட்டும்.

இப்படி நினைப்பவன் நான் ஒருவன் மட்டுமல்ல. 1887இல் தியடோர் ரூஸ்வெல்ட் முன்னின்று தொடங்கிய பூன் அன்ட் குரொக்கெற் கழகம், நேரலைப் படத்தின் உதவியோடு எடுத்த மிருகத்தைத் தன் பதிவேட்டில் சேர்ப்பதில்லை. அமெரிக்காவில் நெவாடா, யூட்டா மாநிலங்கள் பொது நிலத்தில் வேட்டைப் பருவத்தில் கமராக்களைத் தடுத்தன. அரிசோனா 2022 ஜனவரி 1 முதல் வேட்டைக்குக் கமரா பயன்படுத்துவதையே தடைசெய்தது. அங்கே நிலம் வறண்டது, நீர்நிலைகள் சில, ஒவ்வொன்றைச் சுற்றியும் கமராக்கள் குவிந்தன. தாகத்துக்கு வரும் விலங்குக்கு வேறு வழியில்லை. ஏரிக்குப் பஞ்சமில்லாத ஒன்ராறியோவுக்கு அந்தக் காரணம் அப்படியே பொருந்தாது என்பதையும் சொல்லவேண்டும். இங்கே வேட்டையில் விமானமும் ட்ரோனும் பயன்படுத்தத் தடை இருக்கிறது. வானத்திலிருந்து மானைத் தேடுவது தவறென்றால், மரத்திலிருந்து அதே நிமிடத்தில் தேடித்தருவது எப்படிச் சரியாகும்? இதற்கு எனக்கு நியாயமான பதில் எதுவும் இதுவரை கிடைக்கவில்லை.

இந்தக் கமரா பிறந்ததே ஒரு வேட்டைக்காரரின் கையில். ஜோர்ஜ் ஷைரஸ் என்ற அமெரிக்கர், இரவில் தோணியில் விளக்கோடு போய், வெளிச்சத்தில் திகைத்து நிற்கும் மானைச் சுடும் முறையை இளமையில் பழகியவர். பின்னர் துவக்கு இருந்த இடத்தில் கமராவை வைத்தார். விலங்கே கம்பியை இடறித் தன்னைப் படமெடுக்கும் பொறியையும் அமைத்தார். 1906இல் நேஷனல் ஜியோகிராபிக் அவருடைய 74 படங்களை வெளியிட்டது. இந்தியாவில் வன அதிகாரி எஃப். டபிள்யூ. சாம்பியன் அதே வழியில் புலிகளைப் படமெடுத்து 1927இல் நூலாக்கினார். இன்று புலிகளை வரிகளை வைத்து அடையாளம் கண்டு எண்ணுவதும் இதே கருவியால்தான். 2018 புலிக் கணக்கெடுப்பில் இந்தியாவில் 26,838 இடங்களில் கமரா கட்டினார்கள். கொல்லாமல் பார்ப்பதற்காக வளர்ந்த கருவி, கொல்வதற்கான குறியாகத் திரும்பியிருப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

எங்கள் மரபிலும் வேட்டைக்கு வரம்பு இருந்தது. பெரியபுராணத்தில் சேக்கிழார், திண்ணனாரின் முதல் வேட்டையைக் கொலைத்தொழில் என்று மறைக்காமல்தான் பாடுகிறார். ஆனாலும் அந்த வேடர்கள் யானைக் கன்றைத் தொடரவில்லை, சிறு குட்டிகளைக் கொல்லவில்லை, கருவுற்றுத் தளர்ந்து நடக்கும் பிணைமானை அலைக்கழிக்கவில்லை. அது பன்னிரண்டாம் நூற்றாண்டில் எழுதியது. அந்தத் திண்ணனாரைக் கண்ணப்பராகச் சாமியறையில் வைத்துக் கும்பிடுகிறோம். அவருடைய கூட்டத்தின் வேட்டை ஒழுக்கத்தை யாரும் பேசுவதில்லை.

கமரா எனக்கு மிக உதவுவது இந்த இடத்தில்தான். எந்தப் பெண்மான் இரண்டு குட்டிகளோடு திரிகிறது, எந்தக் கொம்பன் இன்னும் இளையவன் என்று செப்ரெம்பரிலேயே தெரிந்துவிடுகிறது. எதை எடுப்பது என்பதை விட, எதை விடுவது என்பதை அது தீர்மானிக்க வைக்கிறது. நவம்பரில் மங்கிய வெளிச்சத்தில், சில விநாடிகளுக்குள் முடிவெடுக்கும்போது, முன்பே பார்த்துப் பழகிய உடலமைப்பு கையைத் தடுக்கிறது.

கமரா மானை மட்டும் பார்ப்பதில்லை என்பதும் நினைவிருக்கட்டும். கவார்த்தாப் பகுதி 1923 வில்லியம்ஸ் ஒப்பந்த நிலத்தில் அடங்கும். அதில் ஏழு முதற்குடிச் சமூகங்களுக்கு வேட்டை உரிமை உண்டு, 2018 உடன்பாட்டில் அது மீண்டும் உறுதிசெய்யப்பட்டது. தங்கள் மூதாதையர் காட்டில் நடக்கும் மனிதரின் முகம், நேற்று வந்தவனான என் கார்டில் ஏன் இருக்கவேண்டும்? இந்தியாவின் கோர்பெட் வனத்தில், விலங்குகளுக்காகக் கட்டிய கமராக்கள் விறகுக்கும் புல்லுக்கும் போன பெண்களைப் படமெடுத்து, அவற்றில் ஒன்று ஊர் முழுக்கப் பரவிய கொடுமையை 2024இல் வெளிவந்த ஓர் ஆய்வு பதிவு செய்திருக்கிறது. பொது நிலத்தில் நான் கமரா கட்டுவதில்லை. காணியில் கட்டியதில் தற்செயலாக ஆள் விழுந்தாலும் யாருக்கும் காட்டாமல் அழித்துவிடுகிறேன்.

இந்த இலையுதிர்காலத்தில் முதல் தடவையாகக் காட்டுக்குப் போகும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். காணிக்காரரைக் கேட்டுக் கமராவைக் கட்டுங்கள். கோடை முழுக்கப் படியுங்கள். தென் ஒன்ராறியோவின் பல பிரிவுகளில் வில்வேட்டை ஒக்ரோபர் 1இல் தொடங்குகிறது. அதற்கு முன் கழற்றிக்கொண்டு வந்துவிடுங்கள். பருவம் முடிந்ததும், மான் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், வேட்டை அறிக்கையை மறக்காமல் அனுப்புங்கள். மான்களின் நிலையையும் வரும் ஆண்டுகளின் வேட்டை அளவையும் மாகாண அமைச்சு கணிப்பது அந்த அறிக்கைகளையும் வைத்துத்தான்.