நீருக்குள் ஒரு விளக்கு

விளக்கென்றால் உயரத்தில் இருப்பது என்றே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். மாடத்தில் வைக்கிறோம், கோபுரத்தில் ஏற்றுகிறோம். நீருக்குள் எரியும் விளக்கோ மின்சாரம் தந்த புதுமை. நீரும் நெருப்பும் பகை என்பர். நீரும் மின்சாரமும் சேர்ந்தால் அதனினும் கொடிது. நெருப்பை நீர் அணைக்கும். மின்சாரத்தையோ நீர் ஏந்திச் சென்று மனிதனை அணைத்துவிடும். அத்தகைய இரண்டையும் ஓரிடத்தில் அமைதியாக வாழவைப்பது எளிய செயலன்று.

சிங்கப்பூரின் முதல் பொது நீச்சற்குளம் 1931ஆம் ஆண்டு மவுண்ட் எமிலியில் திறக்கப்பட்டது. தேக்காவிலிருந்து நடந்தே செல்லக்கூடிய தொலைவு. நீர்த்தேக்கமாக இருந்த இடமே நீச்சற்குளமாயிற்று. பின்னர் 1957இல் ஃபேரர் பார்க் குளம் வந்தது. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு 2003 வரை அது நீந்திப் பழகும் இடமாக இருந்தது. இன்று அவ்விரண்டும் இல்லை. ஆனால் அடுக்குமாடிக் குடியிருப்புகள் பலவற்றின் காலடியில் ஒரு குளம் இருக்கிறது. இரவானால் அது நீலமாக ஒளிர்கிறது.

அவ்வொளியைப் பேணுவதையே தொழிலாகக் கொண்ட முதியவர் ஒருவர் தேக்காவுக்கு அருகே வாழ்கிறார். உரிமம் பெற்ற மின்பணியாளர். தம் தங்கை மகனை உடன்வைத்துக்கொண்டு தொழில் கற்பித்து வருகிறார்.

குளத்து விளக்கை மாற்ற வேண்டுமாயின் குளத்து நீரை முழுவதும் இறைத்துவிட வேண்டும் என்று பலர் எண்ணுகின்றனர். அது வேண்டியதில்லை. சுவரில் ஒரு குழி. அக்குழிக்குள் விளக்குக் கூடு. கூட்டின் பின்னே சுருட்டி வைத்த நீண்ட மின்கம்பி. முதலில் மின்சாரத்தை நிறுத்திப் பூட்டுப் போட வேண்டும். நிறுத்தியாயிற்றா என்று கருவி வைத்துச் சோதிக்க வேண்டும். பிறகு கூட்டைப் பிடித்திருக்கும் திருகாணியைக் கழற்றினால், கம்பியோடு கூட்டை மேலே தூக்கிக் கரையில் வைத்துத் திறக்கலாம். பல்பை மாற்றும்போது ரப்பர் வளையத்தையும் புதிதாக மாற்ற வேண்டும். திருகாணிகளை ஒரே பக்கமாக முடுக்காமல், எதிரெதிராகச் சிறிது சிறிதாக முடுக்க வேண்டும். பின்னர் கூட்டை நீரில் அமிழ்த்திப் பார்க்க வேண்டும். குமிழிகள் தொடர்ந்து எழுந்தால் எங்கோ கசிவு உண்டு என்பது பொருள்.

பழைய பல்பைக் கரையில் வைத்து எரித்துப் பார்த்தலும் கூடாது. 12 வோல்ட்டில் எரியும் 300 வாட் பல்பு 25 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். அதன் வெப்பத்தைத் தணிப்பது சுற்றியுள்ள நீரே. நீரில்லாவிடில் கண்ணாடி வெடிக்கலாம். இன்று அதன் இடத்தைப் பத்தில் ஒரு பங்கு மின்சாரத்தில் எரியும் எல்.இ.டி. விளக்குகள் பிடித்து வருகின்றன.

ஓராண்டு தீபாவளிக்கு முதல்நாள் மாலை, பழைய குடியிருப்பு ஒன்றிலிருந்து முதியவருக்கு அழைப்பு வந்தது. அன்றிரவு குளக்கரையில் விருந்து. விளக்கைப் போட்டவுடன் மின்கசிவுத் தடுப்பான் விழுந்துவிடுகிறது. அந்த மாதத்திலேயே யாரோ இருமுறை பல்பை மாற்றியிருந்தனர்.

முதியவர் கூட்டைத் திறந்தார். உள்ளே ஈரமில்லை, பல்பும் பழுதில்லை. விளக்குக் கம்பியை மின்மாற்றியிலிருந்து பிரித்துவிட்டுப் பார்த்தார். தடுப்பான் மீண்டும் விழுந்தது. மின்மாற்றியையே பிரித்தார். தடுப்பான் நின்றது. குற்றம் எங்கே என்பது விளங்கிவிட்டது. பம்பு அறைச் சுவரின் கீறல் வழியே மழைநீர் இறங்கி மின்மாற்றிப் பெட்டிக்குள் புகுந்திருந்தது. நோயின் காரணத்தை ஆராய்ந்த பின்னரே மருத்துவம் செய்க என்று வள்ளுவர் வலியுறுத்துவது மனித உடலுக்கு மட்டுமன்று.

கடைகள் அடைத்துவிட்ட நேரம். நிர்வாகி கெஞ்சினார்.

“அண்ணே, இன்று ஒரு ராத்திரிதான். அந்தத் தடுப்பானை விட்டுவிட்டு நேராகக் கொடுத்துவிடுங்கள். பிள்ளைகள் ஆசையாகக் காத்திருக்கிறார்கள்.”

“பிள்ளைகள் இருப்பதால்தான் தம்பி, முடியாது என்கிறேன்” என்றார் முதியவர்.

230 வோல்ட் மின்சாரத்தை 12 வோல்ட்டாகக் குறைத்துக் குளத்துக்கு அனுப்புவது மின்மாற்றி. அதன் காப்பு முற்றும் கெட்டால் 230 வோல்ட்டும் நீருக்குள் இறங்கக்கூடும். 30 மில்லியாம்பியர் கசிந்தாலே கண்ணிமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டிப்பதற்காக வைக்கப்பட்ட காவலன் அத்தடுப்பான். 1985 ஜூலைக்கு முன் கட்டிய வீடுகள் சிலவற்றில் அது இல்லாதிருந்ததால், எல்லா வீடுகளிலும் அது இருக்க வேண்டும் என்னும் விதி 2023 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. காவலன் கூவுகிறான் என்பதற்காக அவன் வாயைக் கட்டுவது அறிவுடைமை ஆகுமா?

அன்றிரவு குளம் இருண்டு கிடந்தது. முதியவரே கயிறு கட்டி வழியை மறித்தார். பிள்ளைகள் முகம் வாடி நின்றனர். பெரியவர்கள் சிலர் அவர் காதுபடவே முணுமுணுத்தனர். வேறோர் ஆளை அழைத்திருக்கலாம் என்றார் ஒருவர். முதியவர் மறுமொழி கூறவில்லை. கருவிப்பெட்டியை எடுத்துக்கொண்டு, தோரண விளக்குகள் மின்னும் சிராங்கூன் சாலை வழியே வீடு திரும்பினார்.

விடுமுறை கழிந்தபின் சுவர்க் கீறல் அடைக்கப்பட்டது. புதிய மின்மாற்றி வேறிடத்தில் பொருத்தப்பட்டது. பல்பு பழையதே. மாலையில் குளம் மீண்டும் நீலமாயிற்று. பிள்ளைகள் குதித்தனர். யாரும் முதியவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

வகுப்பறையிலும் இத்தகைய பல்புகள் உண்டு. விளக்கு எரியவில்லை என்றதும் பல்பைக் குறைகூறுவது எளிது. மாணவன் விளங்கவில்லை என்றதும் மாணவனைக் குறைகூறுவதும் எளிது. கீறல் வேறெங்கோ இருக்கலாம். அதைத் தேடப் பொறுமை வேண்டும். அது கிடைக்கும்வரை வசையைத் தாங்கும் மனமும் வேண்டும்.

முதியவரின் மருமகன் இப்போது ஓரளவு தொழில் தேர்ந்துவிட்டான். அண்மையில் ஒரு குளத்தில் இறங்கப் போனவனை முதியவர் கரையிலேயே நிறுத்தினார்.

“மின்சாரத்தை நிறுத்தினாயா?”

“நிறுத்திவிட்டேன் மாமா.”

“சோதித்துப் பார்த்தாயா?”

இளைஞன் ஒன்றும் சொல்லவில்லை. சோதனைக் கருவியை எடுத்துக்கொண்டு பம்பு அறையை நோக்கி நடந்தான்.