புளியமரத்தடி ஆயில் இன்ஜின்

கிணற்றுக்கு மின்மோட்டார் வந்த பிறகு பல தோட்டங்களில் ஆயில் இன்ஜின்கள் மரத்தடிக்குப் போய்விட்டன. புதுக்கோட்டைப் பக்கம் மூன்று ஏக்கர் வைத்திருக்கும் ஒரு விவசாயியின் அப்பா வாங்கிய 6 குதிரைத்திறன் இன்ஜினும் அப்படித்தான் 14 வருஷம் கிடந்தது. பழைய இரும்பு வியாபாரி எடைக்குக் கேட்டார். மகளின் காலேஜ் பணத்துக்கு ஆகும் என்று மனைவி நினைத்தார். அந்த நேரம் பார்த்து டிரான்ஸ்பார்மர் எரிந்தது. பூவெடுத்த கத்திரி வாடத் தொடங்கியது.

"ஓடுச்சுன்னா இருக்கட்டும். ஓடலைன்னா எடைக்குப் போட்டுருங்க" என்றார் மனைவி.

இங்கிலாந்தின் டர்ஸ்லி ஊரில் லிஸ்டர் கம்பெனி செய்த மாடல் அது. சிலிண்டர் விட்டம் நாலரை அங்குலம், நிமிஷத்துக்கு 650 சுற்று. அதே அளவில் ராஜ்கோட் பட்டறைகள் ஏராளமாகச் செய்தன. வேகம் குறைவு, இரும்பு கனம். சீக்கிரம் சாகாது.

பிஸ்டன் இறுகிப்போயிருந்தது. ஃப்ளைவீலில் சம்மட்டி வைக்க மெக்கானிக் விடவில்லை. வார்ப்பிரும்பு, விரிசல் கண்டால் ஓடும்போது சிதறிவிடும். ஹெட்டைக் கழற்றி, டீசலும் இன்ஜின் ஆயிலும் கலந்து சிலிண்டருக்குள் ஊற்றி ஊறவிட்டார்கள். அதுவரை தாயும் மகளும் முன்வரிசைச் செடிகளுக்குக் குடத்தில் தண்ணீர் சுமந்தார்கள். ஐந்தாம் நாள் ஃப்ளைவீல் விரற்கடை அளவு அசைந்தது.

அலைச்சல் என்றால் ரிங் வாங்கியதுதான். "லிஸ்டர் மாடல், 6 ஹெச்.பி." என்று வாயால் சொல்லி வாங்கிவந்த செட் சேரவில்லை. அப்பா காலத்தில் லைனரை ஒருமுறை போரிங் செய்திருக்கிறார்கள். கரியைச் சுரண்டிய பிறகுதான் பிஸ்டன் தலையில் 20 என்ற எண் தெரிந்தது. அங்குலத்தில் ஆயிரத்தில் 20 பங்கு கூடுதல் அளவு. ஸ்டாண்டர்டு ரிங் போட்டால் வாய் இடைவெளி அகலமாகி கம்ப்ரஷன் நிற்காது. மறுநாள் பிஸ்டனையே சாக்கில் கட்டிக்கொண்டு போனார். கடைக்காரர் அளந்து பார்த்து உடனே எடுத்துக் கொடுத்தார். நாசில், ஹெட் கேஸ்கட் எல்லாம் பழையதைக் காட்டித்தான் வாங்கினார்.

அங்கேயே 1500 சுற்று புது இன்ஜினையும் விலை கேட்டார். வாங்கலாம், தப்பில்லை. ஆனால் பழைய அளவுப் புல்லியையே மாட்டினால் பம்பு இரண்டு மடங்குக்கு மேல் வேகமாகச் சுற்றும், பேரிங் தாங்காது. புல்லியும் மாற வேண்டும். இதைக் கேட்காமல் இன்ஜினை மட்டும் வாங்கிப்போகிறவர்கள் உண்டு.

பன்னிரண்டாம் நாள் மகள் வால்வைத் தூக்கிப் பிடிக்க, அவர் ஹேண்டிலைச் சுற்றினார். கட்டைவிரலையும் மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்துக்கொண்டார். ஹேண்டில் திருப்பி உதைத்தால் மணிக்கட்டு போய்விடும். நாலாவது தடவை கரும்புகை வந்தது, பிறகு சத்தம் சீரானது. பின்வரிசைக் கத்திரி அதற்குள் காய்ந்துபோயிருந்தது. மற்றது இரண்டு நாளில் நிமிர்ந்தது.

செலவு, வியாபாரி சொன்ன தொகையில் பாதிக்குக் கொஞ்சம் மேல். இப்போது மேலே தகரம் போட்டிருக்கிறார்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை அரைமணி நேரம் ஓடவிடுகிறார்கள். காலேஜ் பணத்துக்கு மனைவியின் கம்மல் சொசைட்டியில் இருக்கிறது. கத்திரி விலை நின்றால் தை மாதம் மீட்டுவிடலாம் என்று கணக்கு.