மலை ஏறாத திருப்பதி

திருப்பதிக்கு வருகிறவர்கள் மலையேறி, தரிசனம் முடித்து, லட்டுப் பையோடு பஸ் பிடித்துவிடுவார்கள். கீழே இருக்கிற ஊரைச் சுற்றிப் பார்ப்பவர்கள் குறைவு. அதுவும் மே மாத வெயிலில் என்றால் என்னைப் போலக் கிறுக்குப் பிடித்திருக்க வேண்டும்.

காலை ஒன்பதுக்கே கோவிந்தராஜ சுவாமி கோயில் வாசலில் கல் கொதித்தது. செருப்பை விட்டுவிட்டு நிழல் பார்த்துத் தாவித் தாவிப் போனேன். உள்ளே பெருமாள் பள்ளிகொண்ட கோலம். ராமானுஜர் பிரதிஷ்டை என்பது மரபு. வெளியே வந்ததும் நன்னாரி சர்பத். ஐஸ் கட்டியைச் சாக்கில் சுற்றிக் கட்டையால் அடித்து நொறுக்கி, எலுமிச்சை பிழிந்து, ஒரே ஆற்று ஆற்றி, நுரை பொங்க நீட்டினார் கடைக்காரர். என் தெலுங்கைக் கேட்டுச் சிரித்து, "தமிழ்லயே சொல்லுங்கண்ணா" என்றார். 1953 வரை சென்னை ராஜ்யத்தில் இருந்த சித்தூர்ச் சீமைதானே இது!

மதியம் சந்திரகிரிக் கோட்டை. விஜயநகர அரசர்களின் ராஜ மகால் மூன்று மாடி. மரமே சேர்க்காமல் கல், செங்கல், சுண்ணாம்புச் சாந்து கொண்டு எழுப்பியது. வெளியே அனல். உள்ளே தடித்த சுவரில் முதுகைச் சாய்த்தால் எழுந்திருக்க மனமில்லை. ஆங்கிலேயருக்குச் சென்னை நிலம் கிடைத்த 1639 கதையை இந்த அரண்மனையோடு சேர்த்துச் சொல்வார்கள். எழுதிக் கொடுத்தவர்களுக்கு வியர்த்திருக்காது.

சாயங்காலம் கபில தீர்த்தம். அருவி சுத்தமாக வற்றிக் கிடந்தது. "மழைக்கு வாங்க தம்பி, அப்பக் கொட்டும்" என்றார் படியில் உட்கார்ந்திருந்த பெரியவர். வரத்தான் வேண்டும். காணிப்பாக்கம் பிள்ளையார் கோயில் வேறு பாக்கி.