காசியில் ஒரு காது, கோட்டையில் ஒரு காது

ராமநாதபுரம் பக்கத்துப் புதுமடத்துக்காரர்கள் ரயிலேறப் போவது உச்சிப்புளிக்கு. காசியிலிருந்து ராமேஸ்வரம் வரும் ரயிலும் அந்த ஊரைத் தாண்டித்தான் பாம்பன் பாலம் ஏற வேண்டும். ஈயம் வைத்து வாயடைத்த சின்னச் செப்புச் சொம்பில் கங்கை நீர். அதை மடியை விட்டு இறக்காமல், தூக்கம் கெட்ட கண்களோடு வடநாட்டு யாத்திரிகர்கள் ஜன்னலில் ஓடும் பனைகளைப் பார்த்தபடி போவார்கள். அந்தச் சொம்பைப் போலவே காசியைச் சுமந்து ராமேஸ்வரம் வந்த கீர்த்தனை ஒன்று உண்டு.

முத்துசுவாமி தீட்சிதரின் 'ராமநாதம் பஜேஹம்' ராமநாதசுவாமி மேல் பாடியது. ராகம், காசிராமக்ரியா. எத்தனையோ ராகம் இருக்க, ராமேஸ்வரத்துச் சாமிக்குப் பெயரிலேயே காசியை வைத்திருக்கும் ராகம் வாய்த்திருக்கிறது. இன்று பலரும் பந்துவராளி என்று சொல்லிவிடுகிறார்கள். அப்படிச் சொல்லும்போது ஓர் ஊரே காணாமல் போகிறது.

தீட்சிதருக்குக் காசி வெறும் பெயரல்ல. இளம் வயதில் சிதம்பரநாத யோகியோடு போய்ச் சில ஆண்டுகள் அங்கே தங்கியவர். அவசரமே இல்லாத அவருடைய விளம்ப காலத்திலும், 'ஜம்பூபதே'யின் யமுனா கல்யாணியிலும் வடக்கின் வாசனை அடிக்கிறது.

ஆனால் காசிக்கு முன்னால் மணலி இருக்கிறது. அதைத்தான் கொஞ்சம் நின்று கேட்க வேண்டும். தந்தை ராமசாமி தீட்சிதர் 108 ராக தாள மாலிகை செய்தவர்; ஹம்சத்வனியை உண்டாக்கியவர் என்று மரபு சொல்கிறது. சென்னையை அடுத்த மணலியில் முத்துகிருஷ்ண முதலியார் அந்தக் குடும்பத்தை ஆதரித்தார். செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் வெள்ளைக்காரர்களின் பேண்டு வாசிப்பு பிள்ளைகளின் காதில் விழுந்தது. தம்பி பாலுசுவாமி வயலினைக் கையில் எடுத்தார். அண்ணன் அந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருத சாகித்யம் எழுதினார். அவைதான் நோட்டுஸ்வரங்கள், சுமார் நாற்பது. 'வூலே வூ தான்சே' என்ற நடன மெட்டு 'சக்தி ஸஹித கணபதிம்' ஆனது. அரசரை வாழ்த்தும் 'காட் சேவ் த கிங்', சங்கீத சியாமளையை வேண்டும் 'ஸந்ததம் பாஹிமாம்' ஆனது.

பாடிப் பார்த்தால் ஆச்சரியம் புரியும். தீட்சிதரின் சங்கராபரணத்தில் மத்யமமும் நிஷாதமும் சும்மா நிற்பதில்லை, ஊஞ்சல் ஆடும்; அந்த ஆட்டம்தான் கமகம். அதே ஸ்வரங்கள் இங்கே படிக்கட்டு மாதிரி அசையாமல் நிற்கின்றன. கமகத்தின் மன்னர் கமகத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, மூன்று மூன்றாக எண்ணும் அந்நிய நடையை அப்படியே விட்டிருக்கிறார். அடுத்தவன் மெட்டுக்கு இதைவிடப் பெரிய மரியாதை செய்ய முடியாது. பிள்ளைகளுக்கான பாலபாடமாக மட்டும் இவற்றை ஒதுக்கி வைப்பது நியாயமல்ல.

அதே காலத்தில், 'காட் சேவ் த கிங்' மெட்டு வியன்னாவிலும் ஒரு மேதையின் மேசைக்குப் போயிருந்தது. தீட்சிதரை விட ஐந்தாறு வயது மூத்தவரான பீத்தோவன் 1803-இல் அதை வைத்து பியானோவுக்கு ஏழு வேறுபாடுகள் எழுதினார். 1813-இல் 'வெலிங்டனின் வெற்றி' என்ற ஆர்க்கெஸ்ட்ரா படைப்பில் அதையே இங்கிலாந்தின் வெற்றி முழக்கமாக்கினார். பீரங்கியும் துப்பாக்கியும் எந்த இடத்தில் வெடிக்க வேண்டும் என்பதுகூட அந்த இசைத்தாளில் குறிக்கப்பட்டிருக்கிறது. அந்த வெலிங்டன் வேறு யாருமல்ல; 1798-இல் படையோடு சென்னையில் வந்திறங்கி, மறு வருஷம் ஸ்ரீரங்கப்பட்டணத்துப் போருக்குப் போன ஆர்தர் வெல்லஸ்லிதான். பீத்தோவன் கையில் மெட்டு வளர்ந்து, உடைந்து, ஊதிப் பெருத்தது. தீட்சிதர் மெட்டைத் தொடவில்லை; அது வணங்கும் ஆளை மட்டும் மாற்றினார். அரசர் இருந்த இடத்தில் அம்பாள்.

பாலுசுவாமி பிறகு எட்டயபுரம் சமஸ்தான வித்வான் ஆனார். அண்ணனும் கடைசியில் அங்கேதான் வந்து சேர்ந்தார்; 1835-இல் தீபாவளி சமயத்தில் அங்கேயே மறைந்தார். பாலுசுவாமியின் பேரன் சுப்பராம தீட்சிதர் 1904-இல் எட்டயபுரத்தில் அச்சிட்ட 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யில்தான் ராமேஸ்வரத்துக் கீர்த்தனை ஸ்வரக் குறிப்போடு கிடைக்கிறது.

இன்று ஒரு கச்சேரியில் 'ராமநாதம் பஜேஹம்' எடுத்தால், பாடுகிறவரின் தொண்டையில் காசிராமக்ரியா. பக்கத்தில், சுருள் தலையைக் கணுக்காலில் ஊன்றி, ஒவ்வொரு அசைவையும் பின்தொடர்ந்து வாசிப்பது, பாலுசுவாமி அன்று கையில் எடுத்த அந்த வயலின்.