அவசரக் கை

மிக்ஸி தகராறு செய்தால் நமக்குக் காரணம் தெரியும். பிளேடில் ஏதாவது சிக்கியிருக்கும். இல்லையென்றால் வாஷர் போயிருக்கும். ஆனால் கம்ப்யூட்டரும் பிரிண்டரும் ஒன்றோடொன்று பேச மாட்டேன் என்றால், யார் பக்கம் நியாயம் கேட்பது?

சமயநல்லூரில் எங்கள் வீடு. குழந்தைகளின் பள்ளிக்கூட வேலைக்காக ஒரு பிரிண்டர் வாங்கி வைத்திருக்கிறோம். தெருவில் யாருக்கு ஆதார் நகல் வேண்டுமென்றாலும் எங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான்!

2025 ஜூலை 11ஆம் தேதி. இரவு ஒன்பதரை மணி இருக்கும். பக்கத்து வீட்டுப் பெண் மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"அக்கா, விடிஞ்சா குரூப் 4 பரீட்சை. ஹால் டிக்கெட் இன்னும் பிரிண்ட் எடுக்கலை. இங்கிட்டு ஒரு கடையும் திறந்திருக்கலை."

தகப்பனில்லாத பெண். இரண்டு வருஷமாக ராப்பகலாகப் படிக்கிறாள். "இவ்வளவுதானே, உட்காரு" என்று சொல்லிவிட்டு பட்டனைத் தட்டினேன். 'பிரிண்டர் ஆஃப்லைன்' என்று திரையில் எச்சரிக்கை வந்தது. மறுபடி தட்டினேன். ஆறு தடவை தட்டியிருப்பேன். அதே பதில்தான்.

என்னவர் வெளியூரில். கோயமுத்தூரிலிருக்கும் என் தம்பிக்குப் போன் போட்டேன்.

"சாயந்தரம் கரண்ட் போச்சாக்கா?"

"போயி வந்துச்சுடா."

"அப்ப அதுதான். வைஃபை பெட்டி திரும்ப உயிர் வந்ததும் பிரிண்டருக்குப் புது நம்பர் குடுத்திருக்கும். கம்ப்யூட்டர் பழைய நம்பரிலேயே தேடுது. வீடு மாறிப் போனவங்களுக்குப் பழைய விலாசத்துல கடிதாசி போடற மாதிரி. இப்ப ஒயரை நேரா மாட்டு. முதல்ல வரிசையில நிக்கிற ஆறையும் ரத்து பண்ணு. இல்லேன்னா ஆறும் அடிச்சுத் தள்ளும்."

பரணிலிருந்து ஒயரைத் தேடி எடுத்து மாட்டினேன். எச்சரிக்கை மறைந்தது. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள், 'கறக்... கறகற...' என்று வயிற்றைக் கலக்கும் சத்தம்! காகிதம் பாதியில் கசங்கி நின்றது.

எனக்குச் சட்டென்று மகன் ஞாபகம் வந்தது. ஐந்து வயது. போன மாதம்தான் அந்தக் காகிதத் தட்டில் சோழியைப் போட்டு விளையாடினான். தூங்கப் போனவனை இழுத்து வந்து முதுகில் ஒன்று வைத்தேன்.

"நான் தொடவே இல்லம்மா" என்று அழுதான். நான் கேட்கவில்லை.

தம்பி லைனில்தான் இருந்தான். "அவனை விடுக்கா. பிளக்கைப் பிடுங்கிட்டு, டார்ச் அடிச்சு பின்பக்கத் தட்டுல பாரு. காகிதத்தை மெதுவா, அது போற திசையிலேயே இழு."

காகிதம் வந்தது. உருளைக்கு அடியில் ஏதோ மினுங்கியது. முள்வாங்கியால் எடுத்தேன். என் ஹேர்பின்! ஆறு தடவையும் குனிந்து குனிந்து எட்டிப் பார்த்தபோது என் தலையிலிருந்தே விழுந்திருக்கிறது.

ஹால் டிக்கெட் பளிச்சென்று வந்தது. அந்தப் பெண் என் கையைப் பிடித்துக் கொண்டு, "மறக்க மாட்டேன்கா" என்றாள். எனக்கோ நிமிர்ந்து பார்க்கக் கூசியது. உள்ளே போனேன். கன்னத்தில் கண்ணீர்க் கோடு காயாமலே பிள்ளை தூங்கிவிட்டிருந்தான்.

காலையில் அவனை மடியில் வைத்து, பின்னைக் காட்டி, "தப்பு அம்மாதான் செஞ்சேன், மன்னிச்சுக்கோ" என்றேன். "அப்ப உன்னை யாரு அடிப்பா?" என்று கேட்டானே பார்க்கலாம்!

சகோதரிகளே, மையில் ஓடும் பிரிண்டரை 'ஆன்' செய்ததும் கொஞ்ச நேரம் சத்தம் போடும். அது தன்னைச் சுத்தம் செய்து கொள்வது, பயப்பட வேண்டாம். கறகறவென்று அரைத்தால் மட்டும் உடனே நிறுத்திவிடுங்கள். அணைக்கும்போது சுவர் சுவிட்சைத் தட்டாமல் அதன் பட்டனிலேயே அணையுங்கள். அப்போதுதான் மைத்தலை தன் மூடிக்குள் போய் உலராமல் இருக்கும். தட்டின் மேல் ஒரு துணி போட்டு வையுங்கள்.

இதெல்லாம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. கையை ஓங்குமுன் ஒரு நிமிஷம் டார்ச் அடித்துப் பாருங்கள்.