பட்டியலிற் காணா நூல்கள்

பல்கலைக்கழக நூலகங்கள் காலத்துக்குக் காலம் விடுக்கும் அறிவித்தல்களை ஊன்றிப் படிப்போர் மிகச் சிலரே. இரவல் பெற்ற நூலை இனிக் கைத்தொலைபேசி மூலமே புதுப்பித்துக் கொள்ளலாம். மின்சஞ்சிகைகளை விடுதியிலிருந்தே பார்வையிடலாம். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்குமுன் அதன் ஒப்புமை வீதத்தைச் சோதிப்பித்துக் கொள்ளலாம். வெள்ளிக்கிழமை பிற்பகல் பராமரிப்பு வேலையின் நிமித்தம் பட்டியல் இயங்காது. இவ்வாறு அமையும் அறிவித்தல்கள் பேருந்து நேரசூசியைப் போன்றன. தேவைப்பட்டவர் தேவைப்பட்டபொழுது மட்டும் அவற்றை நோக்குவர். யான் அவற்றை விடாது படிப்பவன். சில ஆண்டுகளுக்கு முன்னர் எமது நூலகத்தின் அறிவித்தற்பலகையில், ஆங்கிலத்தில் மட்டும், இரண்டே வரியில் ஓர் அறிவித்தல் தொங்கியது. அட்டைப் பட்டியல் அலுமாரிகள் மண்டபத்தினின்றும் அகற்றப்படவுள்ளன என்றும், இனி முழுச் சேகரிப்பையும் கணனி வழியே தேடலாம் என்றும் அது கூறிற்று. முழுச் சேகரிப்பு என்ற அச்சொற்றொடரே இக்கட்டுரைக்குக் காரணம்.

இன்றைய மாணாக்கருட் பலர் அட்டைப் பட்டியலைக் கண்டிரார். ஆதலின் அதனைச் சிறிது விவரித்தல் தகும். ஏறத்தாழ 12.5 சென்ரிமீற்றர் நீளமும் 7.5 சென்ரிமீற்றர் உயரமுங் கொண்ட தடித்த அட்டைகள்; அடிப்புறத்திலே துளை; அத்துளைகளினூடே லாச்சியின் முகப்பிலிருந்து பின்புறம்வரை ஓடும் கம்பி. நூலொன்றிற்கு ஆசிரியர் பெயரில் ஓர் அட்டை, தலைப்பில் ஓர் அட்டை, பொருளில் ஒன்றோ இரண்டோ. எமது நூலகத்தில் தமிழ் நூல்களுக்கெனத் தனி லாச்சிகள் இருந்தன. அவற்றின் முகப்பிலே தமிழ் எழுத்துக்களே பொறிக்கப்பட்டிருந்தன. அட்டைகளும் தமிழிலேயே, பெரும்பாலும் கையால், எழுதப்பட்டிருந்தன. கையெழுத்து மாறும் இடங்களைக் கொண்டு அப்பணியில் எத்தனை பேர் இருந்தனர் என்றுகூட ஒருவாறு ஊகிக்கலாம். ஞகரத்தின் சுழியை மிகையாக வளைக்கும் ஒருவரை யான் பெயரறியாமலே பல்லாண்டு அறிந்திருந்தேன்.

அட்டைப் பட்டியலை எண்ணிப் புலம்புவது என் நோக்கமன்று. ஒரு லாச்சியை ஒருவர் திறந்திருக்கையில் மற்றவர் காத்து நிற்றல் வேண்டும். கம்பியைக் கழற்றி அட்டையையே கொண்டுபோன புண்ணியவான்களும் உளர். 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திற் பெருந்தொற்றின் காரணமாகப் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டு மாணவர் மன்னாருக்கும் மட்டக்களப்புக்கும் அட்டனுக்குமாகப் பிரிந்து சென்றபொழுது, லாச்சியிலிருந்த அட்டையால் எவருக்கும் யாதொரு பயனும் இருக்கவில்லை. இணையவழி எட்டக்கூடியதாயிருந்த சிறுபகுதியே பலருக்கு ஆய்வேட்டை முடிக்க உதவிற்று. (2022 மார்ச்சு இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை நீண்டபொழுது, லாச்சி இருந்திருந்தால் கைவிளக்கை வைத்துப் பார்த்திருக்கலாமே என்று நண்பரொருவர் சொன்னதையும் மறைக்காமற் குறித்து வைக்கிறேன்.) கணனிப் பட்டியல் வேண்டும், அதில் ஐயமில்லை. தமிழ் நூல்கள் அதனுள் எவ்வடிவிற் புகுந்தன என்பதே கவனிக்கற்பாலது.

வளர்ந்துவரும் நாடுகளின் நூலகங்கள் பலவற்றிற் கணனிப் பட்டியல் முதலில் வந்த வழி, யுனெஸ்கோ நிறுவனம் இலவசமாக வழங்கிய சிடிஎஸ் ஐசிஸ் என்னும் மென்பொருளாகும். சிறு கணனிகளில் இயங்கத்தக்க அதன் வடிவம் 1980களின் நடுப்பகுதியில் வெளிவந்தது. அக்காலக் கணனிகளிலே தமிழ் எழுத்தை எவரும் ஒப்புக்கொண்ட ஒரே முறையிற் பதிய வழியிருக்கவில்லை. எனவே, தமிழ்த் தலைப்புக்களை உரோமன் எழுத்திற் பெயர்த்தெழுதுதலே செய்யக்கூடியதாயிருந்தது. இதற்கென அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் கையாளும் ஒலிபெயர்ப்பு அட்டவணை ஒன்றுண்டு. அது செம்மையானது, சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிக்கன் கைக்கொண்ட முறையை ஒட்டியது. ஒவ்வொரு தமிழெழுத்துக்கும் ஒரு குறி என்பதே அதன் விதி. முறையறிந்தவர் உரோமன் வடிவைக் கண்டால் தமிழ் வடிவை ஐயமின்றி மீட்டுக்கொள்ளலாம்.

ஆனால் அம்முறை அறிஞர்க்காக அமைந்தது. எம்மவர் தம் பெயரை ஆங்கிலத்தில் எழுதும் வழக்கோடு அதற்கு யாதொரு தொடர்புமில்லை. சகரம் எங்கு வரினும் அதற்கு ‘சீ’ என்னும் எழுத்தே குறி. ஆகவே பேராசிரியர் சிவத்தம்பி, தாம் வாழ்நாளெல்லாம் கையொப்பமிட்ட ‘எஸ்’ எழுத்தின்கீழ்க் கிடையார். ‘சீ’ எழுத்தின்கீழே இருப்பார். கைலாசபதியின் பெயரில் நடுவிலுள்ள சகரமும் ‘சீ’ ஆகி, இறுதியில் அவர் எழுதிவந்த ‘எச்’ எழுத்தும் மறைந்துவிடும். 1951இல் தமிழ் இலக்கிய வரலாறு எழுதிய செல்வநாயகத்தை மூன்றிடத்திலே தேடலாம். ஞானம் என்று தொடங்கும் பெயர்களை ஈழத்தார் ‘ஜீ’ எழுத்தில் தொடங்கி எழுத, பட்டியல் அவற்றை ‘என்’ எழுத்தில் வைத்துக் காத்திருக்கும்.

இவ்வளவும் முறை பிழையறப் பின்பற்றப்பட்டாலேயே நேர்வது. அட்டைகளைக் கணனியிற் பதிந்தவர் பலர். தற்காலிக ஊழியர் சிலர். தமிழறியாதாரும் அவருள் இருந்தனர். எழுத்தின் மேலிடும் கோடும் கீழிடும் புள்ளியும் பழைய விசைப்பலகையில் இல்லை. ஆதலால் அவை விடப்பட்டன. கோடும் புள்ளியும் போனபின் லகர ளகர ழகர வேறுபாடு போயிற்று. குறில் நெடில் வேறுபாடும் போயிற்று. மலையும் மாலையும் மழையும் ஒரே சொல்லாயின. பரவையும் பறவையும் ஒன்றாயின. எமது பட்டியலில் ‘மலை’ என்ற சொல்லால் தேடுபவர்க்குக் கவிதைத் தொகுதியும் காலநிலை நூலும் கலந்து வரும் காட்சியை யான் கண்டதுண்டு. அது சிரிப்பிற்குரியது. அடுத்துச் சொல்லப்போவது அத்தகையதன்று.

மலையக நாவல்கள் குறித்து இறுதியாண்டு ஆய்வேடு எழுத முன்வந்த மாணவி ஒருத்தி, தோட்டப்புறத்திலிருந்து வந்தவள், கோகிலம் சுப்பையாவின் தூரத்துப் பச்சை என்னும் நாவலைத் தன் பட்டியலிலே முதலாவதாகக் குறித்திருந்தாள். 1964இல் வெளிவந்த அந்நாவலை விடுத்து அப்பொருளைப் பற்றி எழுதுதல் இயலாது. இரண்டு கிழமை கழித்து அவள் வந்து, “நூலகத்தில் இல்லை, சேர். எல்லா விதமாகவும் தேடினேன். பெறுபேறு எதுவுமில்லை என்றே வருகிறது” என்றாள். ஆகவே பிற நூல்களிற் கூறப்பட்டிருப்பதைக் கொண்டு அந்நாவலைப் பற்றி ஒரு பக்கம் எழுதிவிடலாமா என்று கேட்டாள். ‘எல்லா விதமாகவும்’ என்றதில் மிகையில்லை. தமிழெழுத்திலும் தேடியிருந்தாள், ஆங்கில எழுத்தில் நான்கு விதமாகவும் தேடியிருந்தாள். தூரம் என்பதை இன்றைய இளைஞர் ‘ரி எச் ஓ ஓ’ என்று தொடங்குவர். அட்டவணை கூறும் வடிவமோ ‘ரி யூ’. பச்சையிலே மீண்டும் அந்தச் சகரச் சிக்கல்.

இருவரும் மேல்மாடிக்குச் சென்றோம். 894.8113 என்ற எண் இட்ட இறாக்கையின் மூன்றாந் தட்டில், ஓரத்தில், நூல் இருந்தது. முதுகட்டை கிழிந்து நூலால் தைக்கப்பட்டிருந்தது. உட்புறத்தில் ஒட்டியிருந்த திகதித் தாளில் இறுதி முத்திரை அட்டைப் பட்டியற் காலத்தது. கணனிப் பட்டியல் வந்தபின் அந்நூலை ஒருவரும் இரவல் பெற்றிருக்கவில்லை. அவள் அதனை இருந்த இடத்திலேயே நின்று வாசிக்கத் தொடங்கினாள். யான் அந்தத் தட்டிலிருந்த மற்றை நூல்களின் திகதித் தாள்களைப் புரட்டிப் பார்த்தேன். பெரும்பாலானவற்றின் கதை அதுவே.

பெயர்ச் சிக்கல் ஒலிபெயர்ப்போடு முடிவதன்று. தமிழர்க்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தும் தம் பெயருமே உண்டு. 1978இல் வெளிவந்த ஆங்கில–அமெரிக்கப் பட்டியலாக்க விதிகளின் இரண்டாம் பதிப்பு இதனை உணர்ந்தே, குடும்பப் பெயரில்லாத தமிழ்ப் பெயரைத் தற்பெயரின்கீழ் இடுக என்று விதித்தது. விதி நன்று. ஆயின் பதிவின் படிவத்திலே குடும்பப் பெயர், முதற்பெயர் என இரு கட்டங்கள் இருக்கக் கண்ட ஊழியர், எதை எதிலிடுவது என்று தத்தம் ஊகப்படி தீர்மானித்தனர். ஒரே ஆசிரியர் தம் பெயரிலும் தம் தந்தையார் பெயரிலுமாக இரு மனிதராகிவிட்டார். டூயி அவர்களின் தசமப் பகுப்பு (1876) சமயத்திற்கு ஒதுக்கிய நூறு எண்களிலே கிறித்தவத்திற்குப் பெரும்பங்கையும் ஏனைய சமயங்களனைத்துக்கும் 290 முதலான பத்தையும் கொடுத்ததும், சைவம் அதில் தசமப் புள்ளிக்கு அப்பால் ஒடுங்கியிருப்பதும் தனிக் கட்டுரைக்குரியன.

யுனிக்கோட் வந்துவிட்டதே, இனி யாது குறை என்பார் உளர். 1991இல் வெளியான அதன் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது உண்மை. அது பரவலாக வழக்கிற்கு வருமுன் எம்நாட்டில் பாமினி முதலிய எழுத்துருக்களே ஆட்சி செய்தன. அவற்றில் தட்டெழுதிய பதிவு, எழுத்துருவை நீக்கியவுடன் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகும். யுனிக்கோட்டிலேயே பதிந்தாலும் ஒரு நுட்பம் உண்டு. கொகரம் போன்ற எழுத்துக்களின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் பதியலாம்; ஒற்றைக்கொம்பும் காலுமாக இரு குறியீடுகளாகவும் பதியலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. இவற்றைச் சமன்செய்யாத தேடற்பொறிக்கு அவை வெவ்வேறு சொற்கள். ஔகாரத்தை ஒகரமும் ளகரமுமாகத் தட்டெழுதும் வழக்கமும், ஸ்ரீ என்பதனை இருவகையிற் பதியும் வழக்கமும் இத்தகையனவே. ஒளவையாரைத் தேடிக் காணாதவர், அவர் ஔவையாராக அதே பட்டியலில் வீற்றிருப்பதை அறியார்.

இதனால் விளையும் கேடு ஒரு மாணவியின் இரண்டு கிழமையோடு நிற்பதில்லை. இடநெருக்கடி ஏற்படும்பொழுது நூலகங்கள் எவற்றை இறாக்கையிலிருந்து நீக்கிக் களஞ்சியத்திற்கு அனுப்புவது என்று முடிவுசெய்யும். அதற்குக் கைக்கொள்ளும் அளவுகோல்களுள் முதன்மையானது இரவல் எண்ணிக்கை. அவ்வெண்ணிக்கையைத் தருவதும் அதே கணனி. பட்டியலிற் காணப்படாத நூல் இரவல் பெறப்படுவதில்லை. இரவல் பெறப்படாத நூல் வேண்டப்படாததாகக் கணிக்கப்படுகிறது. 1960களில் எம்நாட்டுச் சிறிய அச்சகங்களிலிருந்து வெளிவந்த தமிழ் நூல்கள் பல மறுபதிப்புக் காணாதவை. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிக்கப்பட்டபொழுது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன என்பதை யாவரும் அறிவர். எஞ்சிய பிரதிகள் எங்கெங்கு உள்ளன என்பதைக் காட்ட வேண்டியது எஞ்சிய நூலகங்களின் பட்டியல்களே. 2005 முதல் நூலகம் நிறுவனத்தினர் ஈழத்து வெளியீடுகளை எண்ணிமப்படுத்தி, தமிழெழுத்திலேயே பட்டியலிட்டு வருகின்றனர். எம் மாணவர் முதலில் அங்கே தேடிவிட்டுப் பின்னரே எமது பட்டியலுக்கு வருகின்றனர் என்பது அவர்க்குப் பெருமை.

சீர்செய்ய வழி இல்லாமலில்லை. பெருந்தொகைப் பணமும் வேண்டியதில்லை. இன்று எமது நூலகம் உட்படப் பலவும் கைக்கொள்ளும் கோஹா என்னும் மென்பொருள், 1999இல் நியூசிலாந்திலே ஒரு சிறிய பிரதேச நூலகத்துக்காக ஆக்கப்பட்டு எல்லோர்க்கும் இலவசமாக விடப்பட்டது. மயோரி மொழியில் அப்பெயருக்குக் கொடை என்று பொருள். எழுத்து வேறுபாடுகளைச் சமன்செய்து தேடும்படி அதனை அமைக்கலாம். அது நிறுவுவோர் எடுக்கவேண்டிய ஒரு முடிவே. பதிவிலும் மூல எழுத்தை உரோமன் வடிவத்தோடு இணைத்து எழுத 880 என்னும் புலம் உண்டு. எமது பதிவுகளில் அப்புலம் வெறுமையாக இருந்தது. அதை நிரப்பத் தமிழறிந்த கைகளே தேவை.

நூலகத்தாரிடம் இதனை எடுத்துரைத்தபொழுது அவர் மறுக்கவில்லை. ஆளணி இல்லை என்றார், அது உண்மையே. அகற்றப்பட்ட லாச்சிகள் எறியப்படாமற் கீழ்மாடியில் அடுக்கப்பட்டிருந்தன. அவற்றைப் பார்வையிட அனுமதி தந்தார். தட்டெழுதும் பதிவுகளைச் சரிபார்த்து ஏற்றிக்கொள்வதாகவும் உடன்பட்டார். கடந்த ஆண்டிலிருந்து சனிக்கிழமை முற்பகல்களில் நால்வர் அங்கே கூடுகிறோம். ஒருவர் அட்டையை உரத்து வாசிக்க, மற்றவர் தட்டெழுதுகிறார். வேறொருவர் நூல் இறாக்கையில் உள்ளதா என்று மேலே சென்று பார்க்கிறார். வாசிப்பவர் ழகரத்தை ளகரமாகவே ஒலிப்பவர். எனவே ஒவ்வொரு ழகரத்துக்கும் கையை உயர்த்துவதாக உடன்படிக்கை செய்திருக்கிறோம். அட்டை இருந்து நூல் இல்லாதவற்றுக்கு ஒரு தனிக் கொப்பி போட்டுள்ளோம். நூல் இருந்து அட்டையே எழுதப்படாதவையும் சில அகப்பட்டுள்ளன. ஞகர லாச்சி சிறியது; ஒரே முற்பகலில் முடிந்துவிட்டது. இப்பொழுது தகரத்தில் நிற்கிறோம். தகரத்துக்கு நான்கு லாச்சிகள்.