அத்தை வீட்டு வாடகை

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள் கோவில் நோக்கிச் செல்லும் சாலையில் இன்று பயணம் செய்வோர் இருமருங்கிலும் காண்பவை தொழிற்சாலைகளின் நீண்ட மதிற்சுவர்களே. இராமானுசர் அவதரித்த ஊர் என்றும், 1991 மே 21 அன்று ராஜீவ் காந்தி உயிர்நீத்த ஊர் என்றும் உலகம் அறிந்திருந்த இப்பகுதி, 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை கார்களை உற்பத்தி செய்யத் தொடங்கிய பின்னர் வேறொரு முகம் பெற்றது. 2006இல் நோக்கியா வந்தது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறக்கப்பட்டது. ஏரிநீரை நம்பி நெல் விளைந்த வயல்களில் பலவும் இன்று இல்லை. ஆனால் அச்சாலையிலிருந்து பிரிந்து ஏரிக்கரை ஓரமாகச் செல்லும் ஒரு மண்பாதையின் முடிவில் எங்கள் அத்தையின் வீடு இன்னும் இருக்கிறது.

அத்தை எங்கள் தந்தையாரின் மூத்த சகோதரி. அவருடைய கணவர் ஊர்க்கோவிலில் உபதேசியாராகப் பணியாற்றி, இளம் வயதிலேயே இறைவனடி சேர்ந்தார். பிள்ளைகள் இல்லை. பங்குத்தந்தை மாதம் ஒருமுறை மட்டுமே வந்து திருப்பலி நிறைவேற்றிய காலம் அது. மற்ற ஞாயிறுகளில் கோவில் மணியை அடித்து, மக்களைக் கூட்டி, ஜெபமாலை சொல்லி, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் கற்பித்தவர் அத்தையே. அதற்கென அவருக்கு ஒரு பதவியோ சம்பளமோ இருந்ததில்லை. ஊரில் யாருக்கேனும் உயிர் பிரியும் நேரம் நெருங்கினால் சாதி, மதம் பாராமல் அவரை அழைத்துச் செல்வார்கள். எங்கள் தாயார் நோயில் கிடந்த ஆண்டுகளில் எங்கள் மூவரையும் வளர்த்து ஆளாக்கியதும் அவர்தாம்.

தொழிற்பேட்டைக்காக நிலம் எடுக்கப்பட்டபோது குடும்பத்திற்குக் கிடைத்த தொகையில் தம் பங்கைக்கொண்டு அத்தை வீட்டின் பின்புறம் வரிசையாக ஐந்து அறைகள் கட்டினார். தென் மாவட்டங்களிலிருந்தும், பின்னர் ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வேலைக்கு வந்த இளம்பெண்கள் அவற்றில் தங்கினர். தமிழ் தெரிந்த பெண்களும் தெரியாத பெண்களும் அவரை ‘ஆயா’ என்றே அழைத்தனர்.

சுற்றுப்புறத்தில் எல்லாரும் தலைக்கு இவ்வளவு என்று வாடகை வாங்கினர். ஓர் அறையில் எட்டுப் பேரைத் தங்கவைத்தால் எட்டு வாடகை. அத்தையோ அறைக்குத்தான் வாடகை என்றார். அதிலும் நால்வருக்குமேல் ஓர் அறையில் தங்க விடுவதில்லை. மாதத்தின் முதல் வாரத்தில் அந்தோணியார் சுரூபத்தின் அடியிலிருந்த பிஸ்கட் டப்பாவில் பெண்கள் பணத்தைப் போட்டுவிடுவார்கள். அவர் நின்று எண்ணியதை நாங்கள் பார்த்ததே இல்லை.

இது எங்களுக்குப் பொறுக்கவில்லை. சென்னையில் குடும்பம் நடத்திவந்த நாங்கள் மூவரும் ஒரு பொங்கல் விடுமுறையில் கணக்கெழுதிய தாளுடன் சென்று அவர்முன் அமர்ந்தோம். தலைக்கு ஆயிரம் ரூபாய் வாங்கினால் ஆண்டுக்கு எவ்வளவு சேரும், பத்தாண்டுகளில் எவ்வளவு ஆகும் என்று விளக்கினோம். அத்தை முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். காப்பி கலந்து கொண்டுவந்து வைத்தார். பிறகு, “நீங்க காலேஜ் படிக்கப் போனப்ப பட்டணத்துல யார் வீட்டுல தங்குனீங்க?” என்று கேட்டார். சொன்னோம். “அந்தம்மா தலைக்கு எவ்வளவு வாங்குனாங்க?” என்றார்.

அவர்கள் ஒரு காசும் வாங்கவில்லை. எங்களுக்கு உறவும் அல்லர்; எங்கள் பங்கிலிருந்து சென்னைக்குக் குடிபெயர்ந்தவர்கள், அவ்வளவுதான். அதனை நாங்கள் மறந்தே போயிருந்தோம்.

இங்கே ஓர் உண்மையை ஒப்புக்கொள்ளவேண்டும். அந்தக் கேள்வி எங்களை மனந்திருப்பவில்லை. வாயடைத்தது, அதனால் கோபமே மூண்டது. ‘கிழவிக்குப் பிழைக்கத் தெரியவில்லை’ என்று பேசிக்கொண்டே திரும்பினோம். ஓராண்டுக்கும் மேலாக அவ்வீட்டின் பக்கம் போகவில்லை. சென்னையில் ஞாயிறு தவறாமல் திருப்பலியில் பங்கேற்றோம். தவக்காலத்தில் சிலுவைப்பாதை சென்றோம். ஆனால் மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் அந்நியரை ஏற்றுக்கொண்டது பற்றி ஆண்டவர் பேசுமிடத்தை வாசிக்கக் கேட்டபோது, அது எங்கள் அத்தையின் ஐந்து அறைகளைப் பற்றியது என்று எங்களுக்குத் தோன்றவேயில்லை.

2014 நவம்பரில் நோக்கியா ஆலை உற்பத்தியை நிறுத்தியது. அந்நாட்களில் இவ்வட்டாரத்தில் வேலை இழந்து வெறுங்கையுடன் ஊர் திரும்பிய இளையோர் பலர். அத்தை வீட்டிலும் வேறொரு சிறு நிறுவனத்தில் வேலை பார்த்த நான்கு பெண்களுக்கு வேலை போயிற்று. மறுவேலை கிடைக்கும்வரை அவர்களிடம் அவர் வாடகை கேட்கவில்லை என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே அறிந்தோம். அவர் சொல்லி அல்ல. அப்பெண்களுள் ஒருத்தி சொல்லி.

அவர் சொல்லாத இன்னொன்றும் உண்டு. இரண்டாம் ஷிப்டு முடிந்து வரும் பெண்களைக் கம்பெனிப் பேருந்து நள்ளிரவுக்குச் சற்று முன்னர் சாலையில் இறக்கிவிடும். அங்கிருந்து ஏரிக்கரைப் பாதை கும்மிருட்டு. அத்தை கையில் டார்ச்சு விளக்குடன் பாதைமுனைக்குச் சென்று, ஒரு கல்லின்மேல் அமர்ந்து, இரண்டாம் முறையாக ஜெபமாலை சொல்லிக்கொண்டிருப்பார். எழுபத்தைந்து வயதுக்குமேல் இது எதற்கு என்று ஒருமுறை கடிந்துகொண்டோம். “எனக்குத்தான் தூக்கம் வர்றதில்லையே” என்று முடித்துவிட்டார். பகலில் திண்ணையிலேயே அவர் கண்ணயர்ந்து கிடந்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். அப்போதும் எங்களுக்குப் புரியவில்லை.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. ஆலைகள் மூடின, இரயில்கள் நின்றன, எங்களாலும் சென்னையை விட்டு நகர முடியவில்லை. அவ்வேளையில் அத்தை காய்ச்சலில் படுத்தார். அவருக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்து, வேளை தவறாமல் மருந்து கொடுத்து, இரவெல்லாம் விழித்திருந்து காத்தவர்கள், ஊருக்குப் போக வழியின்றி அந்த அறைகளில் முடங்கிக் கிடந்த பெண்களே. தொலைபேசியில் அழைத்தபோது ஜார்க்கண்டுப் பெண் ஒருத்தி உடைந்த தமிழில், “ஆயா நல்லா இருக்கு, நீங்க பயம் வேணாம்” என்றாள். அன்றுதான் எங்கள் கணக்குத்தாள் எங்களுக்கே வெட்கமாகப் பட்டது.

2023ஆம் ஆண்டுத் தவக்காலத்தில், நோயிற்பூசுதல் பெற்று, அத்தை அமைதியாகக் கண்மூடினார். அடக்கம் முடிந்து மூன்று மாதங்கள் வரை நாங்கள் வீட்டைத் திறக்கவில்லை. வாடகையைப் பற்றி அப்பெண்களிடம் யாரும் எதுவும் கேட்கவுமில்லை. பின்னர் நிலத்தரகர் ஒருவரை வரச்சொல்லிவிட்டுப் போய்க் கதவைத் திறந்தோம். அந்தோணியார் சுரூபத்தடியில் டப்பா கனத்திருந்தது. முன்னறையின் சாவி ஒன்று பெண்களிடம் எப்போதும் இருந்திருக்கிறது. மூன்று மாத வாடகையும் இருந்தது. ஓர் அறையின் ஒரு மாதப் பணம் மட்டும் குறைந்தது. அதற்குப் பதிலாக ஒரு துண்டுத்தாளில், அடுத்த மாதம் தந்துவிடுவதாக எழுதியிருந்தது.

தரகரைத் திருப்பி அனுப்பிவிட்டோம்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், நம் அடுத்த வீட்டிலேயே வாழும் புனிதர்களைப் பற்றி 2018இல் எழுதினார். ஜூலை மாத நான்காம் ஞாயிற்றுக்கிழமையைத் தாத்தா பாட்டியருக்கும் முதியோருக்குமான நாளாக 2021 முதல் திருச்சபை கொண்டாட வழிசெய்தவரும் அவரே. அந்நாளில் முதியோருக்குப் பொன்னாடை போர்த்துகிறோம், நல்லதே. நாங்களும் அத்தையின் கல்லறைக்குச் சலவைக்கல் பதிக்க விலை விசாரித்திருந்தோம். ஆனால் அவருக்குச் செய்யவேண்டிய மரியாதை அந்த டப்பாவில் இருப்பதாக இப்போது உணர்கிறோம். வரியும் மின்கட்டணமும் ஏறியிருக்கின்றன. எங்களுக்குள் இன்னமும் வாதம் நடப்பதுண்டு. ஆயினும் அறைக்குத்தான் வாடகை, நால்வருக்குமேல் இல்லை என்னும் அவரது சட்டத்தை மாற்றாதிருக்கிறோம்.

இதனை வாசிக்கும் உங்களிலும் பலர் இத்தகைய பிள்ளைகளுக்கு அறை கொடுத்திருப்பீர்கள். உங்கள் கணக்கில் நாங்கள் தலையிட வரவில்லை. எங்கள் கணக்கையே நாங்கள் இவ்வளவு தாமதமாகத்தான் திருத்தினோம்.

பாதைமுனையில் ஒரு மின்விளக்கு போட்டுக் கொடுத்தோம். விளக்கு மட்டும் போதாது என்று எங்களுக்குத் தெரியும். நள்ளிரவில் அங்குப் போய் அமர எங்களுள் ஒருவரும் அவ்வூரில் இல்லை. சென்ற மாதம் ஓர் இரவு அங்குத் தங்க நேர்ந்தது. பதினொன்றரை மணிக்கு நாய் குரைக்கும் ஓசை கேட்டு வெளியே வந்து பார்த்தோம். அத்தை அமரும் கல்லின்மேல், காய்ச்சலில் அவரைக் காத்த அதே ஜார்க்கண்டுப் பெண், மடியில் அவருடைய பழைய டார்ச்சு விளக்குடன் பேருந்துக்காகக் காத்திருந்தாள்.